தீர்மானம் எண் ஏழும் சீசரும்

மானுட குலமும் நாய்க்குலமும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய அறிவிப்பு ஒன்று, எபநேசர் கார்டன் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பலகையில் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒட்டப்பட்டது.

"தீர்மானம் எண் 7: பிற நாய்களைக் கண்டு நிதானமிழந்து பொது அமைதியைக் குலைக்கும் எந்த வளர்ப்பு நாயும் இக்காலனியில் வசிக்கத் தகுதியற்றது. புகார் பெறப்பட்ட பதினைந்தாம் நாள் அந்நாய் செயற்குழு முன் சோதிக்கப்படும். தேறாத நாய் வெளியேற்றப்படும்."

எழுதியவர், கையெழுத்திட்டவர், பசை தடவியவர் மூவரும் சங்கத் தலைவர் சுந்தர்சிங். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில் ஓரத்தில் நாற்பத்திரண்டு வீடும் ஒரு டிரான்ஸ்பார்மரும் உள்ள அந்தக் காலனியின் சரித்திரம் இனி இந்தத் தீர்மானத்துக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரியும் என்பது அவருடைய கணிப்பு.

பத்து மணிக்கு முதல் புகார் வந்தது. தலைவரின் நாய் மேல்.

கொடுத்தவர் துணைத்தலைவர் சுயம்புலிங்கம். கையில் அவருடைய பொமரேனியன், ராணி.

"தலைவரே, ஒங்க சீசர் கேட்டுக்குள்ள நிண்ணு சாடுன சாட்டத்துல எங்க ராணி ரெண்டு நாளா பச்சத்தண்ணி தொடல. தீர்மானம் ஒங்களுக்கதுதானே?"

"சட்டம் எல்லாருக்கும் பொது" என்றார் சுந்தர்சிங். சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்தது.

சீசர் தேறாவிட்டால் குலசேகரத்தில் மச்சானின் ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும். சுந்தர்சிங் அன்பை வெளியே காட்டுகிற ஆள் இல்லை. ஆனால் காலையில் ஆப்பத்தின் மொறுமொறு ஓரம் அவர் தட்டிலிருந்து மேசைக்கடியில் போகும். அந்த ஓரத்தை அவர் பெற்ற மகன் அனிஷுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

அதுவும் குடும்ப ஜெபம் முடிந்த பிறகுதான். காலை ஆறேகாலுக்கு ஜெபம் தொடங்கும். தெரு முழுக்கக் கேட்கிற குரலில், கண்களை இறுக மூடி, மஸ்கட்டில் இருக்கும் அனிஷ், சபையின் ஒழுகும் கூரை, உலகத் தலைவர்கள், சங்கத் தேர்தலில் தனக்கு வாக்களிக்காத பதினோரு வீட்டார் என ஒருவரையும் விடாமல் கர்த்தரிடம் ஒப்படைக்க நாற்பது நிமிடம் ஆகும். மனைவி தங்கபாய் ஒற்றைக் கண்ணால்தான் ஜெபிப்பாள். மற்ற கண்ணுக்கு அடுப்பில் ஆப்பச்சட்டி இருந்தது. புகை போக அடுக்களைக் கதவையும் திறந்து வைப்பாள். "ஆமென்" என்று அவர் கண் திறக்கும்போது சீசர் காலடியில் கிடக்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். அதை அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

"ஏட்டி, இதுக்கு மத்த நாயளோட பழக்கம் இல்ல. கோளாறு அதுதான்" என்றார் தங்கபாயிடம்.

"நான் ஒரு காரியம் சொல்லட்டா?"

"நீ சும்மா இரு. இது படிச்சுச் செய்ய வேண்டிய வேல."

செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தார். பிற நாய்களைத் தூரத்திலிருந்து காட்டி, பையப்பைய நெருங்க வேண்டுமாம். முதல் நாள் ஐம்பது மீட்டர், மறுநாள் நாற்பத்தைந்து என்று கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தார். சாயங்காலம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். டிரான்ஸ்பார்மருக்கடியில் படுத்திருந்த செவலை நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. சீசரும் பார்த்தது.

பத்து நாள் அட்டவணை ஏழு விநாடியில் முடிந்தது. தலைவரின் இடது செருப்பு ஓடையில் கிடந்தது. வலது செருப்பைச் செவலை மோந்து பார்த்தது.

ராத்திரி அனிஷ் வீடியோ காலில் வந்தான்.

"அப்பா, இப்படி இழுபட்டா மத்த நாயளோட சோஷியலைசேஷன் ஆவாது. வேற நாய் வரும்போ சீசருக்கு பிஸ்கட் குடுங்க. வேற நாய் வந்தா நல்லது நடக்கும்னு அதுக்குத் தோணணும்."

"மக்ளே, அம்மைக்கு ஒரு காரியம் சொல்லணும்" என்று தங்கபாய் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"போன எங்கிட்ட தா" என்றார் சுந்தர்சிங், போன் அவர் கையில் இருக்கும்போதே.

மறுநாள் பிஸ்கட் பாக்கெட்டோடு போனார். சீசர் பிஸ்கட்டை மரியாதையாக வாங்கி, தின்னாமல், செவலையின் முன்னால் கொண்டுபோய் வைத்தது. விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரன் போல நின்று வாலாட்டியது. மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு கேட்டின் முன்னால் ஏழு தெருநாய்கள் வரிசையில் இருந்தன. தலைவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிடப் போனபோது ஏழும் கூடவே போய்ப் பார்வையிட்டன.

"ஒரு நாய்க்குப் புகார் குடுத்தேன், தலைவரே" என்றார் சுயம்புலிங்கம் மொட்டைமாடியிலிருந்து. "இப்ப எட்டு நிக்குது. ஆளையும் சேத்தா ஒம்பது."

இனி வல்லுநர்தான் வழி என்று முடிவாயிற்று. மார்த்தாண்டத்திலிருந்து பயிற்சியாளர் ரதீஷ் வந்தான். கழுத்தில் விசில், காலில் பூட்ஸ், கூடவே மூன்று வருடம் பழக்கிய இரண்டு மாதிரி நாய்கள்.

"சாரே, டாகுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் ஏறும். வீட்ல எல்லாரும் 'சிட்', 'ஸ்டே'ன்னுதான் பேசணும்."

"அப்ப எனக்க நாய் நான் சொன்னா கேக்காதா?" என்றாள் தங்கபாய்.

"நீ சும்மா இரு" என்ற சுந்தர்சிங் ரதீஷிடம் திரும்பினார். "தம்பி, இது அடங்காத நாய் ஒண்ணுமில்ல. ஜெபத்துல நாப்பது நிமிஷம் அசையாமக் கெடக்கும். எனக்கக் கண்ணால பாத்தது."

ரதீஷ் அசந்துபோனான். "நாப்பது மினிட்டா? எனக்க டாக்ஸ் அஞ்சு மினிட்தான் சாரே இருக்கும்!"

தங்கபாய்க்கு இருமல் வந்தது. அடுக்களைக்குப் போய் இருமினாள்.

காலனி மைதானத்தில் வகுப்பு தொடங்கியது. மாதிரி நாய்கள் இரண்டும் சிலைபோல உட்கார்ந்தன. சீசர் அவற்றைச் சுற்றி இரண்டு வட்டம் வந்து, முன்னங்காலைத் தாழ்த்தி ஒரு குரல் கொடுத்தது. மூன்று வருடப் படிப்பு அத்தோடு முடிந்தது. மூன்று நாய்களும் மதிலோரம் பாய்ந்து மறைந்தன. சீசர் அரைமணி நேரத்தில் வந்துவிட்டது, மூக்கில் ஒரு சாளை மீன் செதிலோடு. மாதிரி நாய்களில் ஒன்றைச் சாயங்காலம்தான் மீன்கடைப் பக்கத்திலிருந்து ரதீஷ் தூக்கிக்கொண்டு வந்தான். விசில் அடித்தால் அது இப்போது கொட்டாவி விட்டது.

"சாரே, பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலத்துலேருந்து இத ரூம்ல பூட்டுங்க. எனர்ஜி கொறயும்" என்று சொல்லிவிட்டு, கூலியைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறினான்.

பூட்டினார். பதினைந்தாம் நாள் காலை வீட்டு ஜெபத்தையும் விட்டார், மைதானத்தில் தொடக்க ஜெபமாகவே செய்துகொள்ளலாம் என்று.

"ஜெபத்த மட்டும் விடாதீங்க. நாய்க்கு வெப்ராளம் கூடி நிலகொள்ளாம ஆயிரும்" என்றாள் தங்கபாய்.

"ஜெபத்துக்கும் நாய்க்கும் என்னட்டி சம்பந்தம்?"

எட்டு மணிக்குச் செயற்குழு நாற்காலி போட்டு அமர்ந்தது. சுயம்புலிங்கம் மடியில் ராணி, கையில் நோட்டு. பதினான்கு மணி நேரம் பூட்டிக் கிடந்த சீசர் மைதானத்தை ஒருமுறை பார்த்தது. தொடக்க ஜெபத்துக்கு அவகாசம் கொடுக்கவில்லை. சங்கிலி தலைவரின் உள்ளங்கைத் தோலில் பாதியைக் கொண்டுபோயிற்று. மதிலுக்கு மேல் ஏழு தலைகள் எட்டிப் பார்த்தன. ராணி மடியிலிருந்து சாடி, தன் பரம்பரையை மறந்து, அவற்றின் பின்னால் ஓடியது. ஒன்பது நாய்களும் மூலை திரும்பி மறைந்தன.

"சீசர்! ஸ்டே! சிட்! சீசர்!"

மைதானத்தில் செயற்குழு மட்டும் சிட்டில் இருந்தது.

சுயம்புலிங்கம் பேனா மூடியைக் கழற்றினார். "எழுதட்டா, தலைவரே?"

சுந்தர்சிங் அந்த வெற்று மூலையைப் பார்த்தார். ரப்பர் மரங்கள் தெரிந்தன. நாளைக்கு ஆப்பத்தின் ஓரத்தை யார் தின்பது என்று ஒரு நினைப்பு வந்தது. வேறு வழி தெரியாத மனிதன் செய்வதைச் செய்தார். கண்களை இறுக மூடி, மூன்று தெருவுக்குக் கேட்கும்படி ஜெபிக்கத் தொடங்கினார்.

ஒரு மனிதர் ஜெபிக்கும்போது அவர் நாயை வெளியேற்றி எழுதுவது மரியாதையில்லை. சுயம்புலிங்கம் பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். அன்றைக்கு சுந்தர்சிங் எல்லாவற்றையும் சுருக்கினார். உலகத் தலைவர்கள் ஒரே வரியில் முடிந்தார்கள். வாக்களிக்காத பதினோரு வீட்டாரை மன்னித்தேவிட்டார்.

"ஆமென்."

கண்ணைத் திறந்தார். காலடியில் சீசர் கிடந்தது, நாக்கைத் தொங்கவிட்டபடி. பின்னால் ஏழு தெருநாய்களும் ராணியும் ஓசைப்படாமல் வரிசையில் உட்கார்ந்திருந்தன.

சுயம்புலிங்கம் முதலில் கைதட்டினார். தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர். செயற்குழு முழுவதும் தட்டியது.

சுந்தர்சிங் தொண்டையைச் செருமினார். "பெரியோர்களே, இது ஒரு நாளில் வந்ததல்ல. பதினைந்து நாள் விஞ்ஞானமுறைப் பயிற்சி. பிற நாய்களோடு பழகத் தெரியாத ஒரு ஜீவனுக்கு, நான்…"

அப்போது மீன்பெட்டி வைத்த ஸ்கூட்டர் ஒன்று மைதானத்துக்குள் வந்து நின்றது. காலனிக்குப் பின்னாலுள்ள தெருக்களில் மீன் விற்கும் இசபெல்.

"ஏலே குட்டப்பா! இஞ்சயா கெடக்க? இண்ணு காலத்தேருந்து ஒன்னக் காணாம நான் தேடாத எடமில்ல!"

சீசர் எழுந்து போய் அவள் கையை நக்கியது. அந்தப் பெயருக்கு அது திரும்பிய வேகத்தை 'சீசர்' ஒருநாளும் கண்டதில்லை.

"ஒனக்கு இந்த நாயத் தெரியுமா?" என்றார் சுயம்புலிங்கம்.

"நல்ல கேள்வி! தெனம் விடியக்காலத்த எனக்க வண்டி பின்னால நாலு தெருவும் சுத்துத பய. இதுவெல்லாம் இவனுக்க சேக்காளியளாக்கும். ஆமென்னு ஒரு சத்தம் கேக்கும், ஒடனே வாலு தெறிக்க வீட்டுக்கு ஓடிருவான்."

சுந்தர்சிங் தங்கபாயைத் திரும்பிப் பார்த்தார். தங்கபாய் டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசபெல் பெட்டியைத் திறந்து ஒரு சாளையை எடுத்துப் போட்டாள்.

"அந்த வீட்டுல ஒரு ஆளு நாப்பது நிமிசம் கண்ணத் தொறக்காதாம். அதுவரைக்கும் இவனுக்கு லீவாக்கும்."