பதினெட்டுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர்

தலைப்பு தெரியாது, ஆசிரியர் தெரியாது, வெளியான ஆண்டும் தெரியாது. உயரத்தையும் அகலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நூலகம் நிறைந்த நூல்களுக்கிடையே ஒன்றைப் பிடித்துவிடக்கூடியவர் இப்பூவுலகில் ஒருவர்தான். அவர் நூலகர் அல்லர், ஓய்வுபெற்ற செவிலியர். மைசூரில், அக்ரஹாரத்தை ஒட்டிய எங்கள் பழைய நூலகத்தில் அவருக்கு ரவுண்ட்ஸ் சிஸ்டர் என்று பெயர். சொந்தப் பெயர் உறுப்பினர் அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

முதுகலை இலக்கிய வகுப்பு முடிந்ததும் பிற்பகல்களில் நான் அங்கே பகுதிநேரப் பணி செய்தேன். மர இழுப்பறைகளில் இருந்த பழைய நூலட்டைகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அதை விரும்பி ஏற்றிருந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில், ஐந்தடிக்கும் குறைவான ஓர் அம்மையார் என் மேசைமுன் வந்து நின்று, கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் படித்து, நான் தமிழ்ப் பெண் என்று முடிவு செய்தார்.

"பாட்டு நோட்ஸ் வேணும் பாப்பா. பிரிண்ட் ஆனது. நாலு குரலுக்கும் இருக்கணும்."

"புக் பேரு என்னங்க?"

"பச்சை புக்கு."

"அதுதான் பேரா?"

"நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அட்டையில என்ன போட்டிருந்துச்சுன்னு யார் பார்த்தா?"

கணினியில் 'இசை' என்று தேடினேன். வீணையின் வரலாறு வந்தது. ஆர்மோனியப் பயிற்சி வந்தது. கீர்த்தனைத் தொகுப்புகள் வரிசையாக வந்தன. நான்கு குரலுக்கான இசைக்குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. நிறத்தைக் கொண்டு தேடும் வசதி எங்களிடம் இல்லை என்று பணிவாகத் தெரிவித்தேன்.

"அப்ப உங்க கம்ப்யூட்டர்ல என்னதான் இருக்கு?"

"பேரு, ஆசிரியர், எத்தனை பக்கம், என்ன உயரம்..."

"ஹைட்டு இருக்கா?" நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அதை முதல்லயே சொல்றதில்லையா. முப்பது வருஷம் வார்டுல இருந்தவ நான். பேரு மறந்துட்டு வந்த பேஷண்ட்டையே அட்மிட் பண்ணியிருக்கோம்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுபவர்கள் நால்வர். நால்வரும் ஓய்வுபெற்ற செவிலியர். ஈஸ்டர் அன்று பாடும் பெரிய பாடலின் குறிப்புகளைக் கரையான் தின்று பல ஆண்டுகளாகிவிட்டன. பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் பாடிப் பாடி, இப்போது நால்வரும் நான்கு விதமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த இளம் இசை நடத்துநர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஆன்ட்டி, ஆல்டோ ஒரு பார்ட்டா, நாலு பார்ட்டா? பிரிண்ட் ஆன நோட்ஸ் கொண்டு வாங்க, நிக்க வைக்கிறேன். இல்லைன்னா நாலு பேரும் கீழ சபையோட உக்காந்துக்கோங்க." ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு வரும் குருத்து ஞாயிறு மாலை ஒத்திகைவரை கெடு.

"கீழ உக்காரணுமாம்," என்றார் சிஸ்டர். "இருபத்தாறு வருஷமா நின்ன இடம். ஆர்கன் பக்கத்துத் தூண்ல எங்க தோள் பட்டுப் பட்டு பெயிண்ட்டே இல்ல."

அந்நூல் மைசூரிலேயே அச்சானது. அந்நாளில் ஊர் அச்சகங்கள் தாம் அச்சிட்டவற்றில் ஒரு படியை எங்கள் நூலகத்துக்குக் கொடுப்பது வழக்கம். ஆகவே நூல் உள்ளே இருந்தாக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஓர் எவர்சில்வர் ட்ரேயுடன் வந்தார். மருத்துவமனையில் கட்டுப் போடும் பொருள்களை எடுத்துச் செல்லும் ட்ரே.

"டியூட்டி நடுவுல பிராக்டிஸ் பண்ண, டவலுக்கு அடியில வச்சு வார்டுக்குள்ள கொண்டு போவோம். பச்சை புக்கு இதுல அச்சா உக்காரும். மேட்ரன் ஒருநாளும் பிடிச்சதில்ல. அளந்து பாரு."

அளந்தேன். பதினெட்டுக்கு இருபத்தைந்து. படுக்கைவாட்டில் அமைந்த நூல். இந்த வரலாற்றில் நான் உரிமை கொண்டாடத்தக்கது ஒன்றே ஒன்று. அதை அப்போதுதான் சொன்னேன். நிமிர்ந்த நூலுக்கு உயரம் மட்டுமே எழுதுவார்கள். அகலம் உயரத்தை மிஞ்சினால்தான் அட்டையில் இரண்டு எண்களும், நடுவே ஒரு பெருக்கல் குறியும் இருக்கும்.

"அப்ப, படுத்த பேஷண்ட்டுக்கு மட்டும் ரெண்டு நம்பர்," என்று எழுந்தார். "சரி, ரவுண்ட்ஸ் ஆரம்பிக்கலாம்."

அன்றுமுதல் தினமும் சரியாக இரண்டு மணிக்கு ரவுண்ட்ஸ். ஒவ்வோர் இழுப்பறையும் ஒரு வார்டு. அட்டையின் தலைப்பை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை; கடைசி வரியில் பெருக்கல் குறி உண்டா என்பதே கேள்வி. கிடைத்தவை: யானைப் படத்தொகுப்பு, பூத்தையல் மாதிரிகள், கையெழுத்துப் பயிற்சி ஏடு. வரவழைத்து, ட்ரேயில் வைத்துப் பார்த்து, "இவங்க இல்ல" என்று திருப்பி அனுப்புவார். இடையில் நூலகம் முழுவதும் அவர் ஆளுகைக்குள் வந்துவிட்டது. கை கழுவாமல் எவரும் அட்டைகளைத் தொட முடியாது. நாளிதழ் மூடிய முகத்துடன் உறங்கிக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர், கண் விழித்தபோது தம் நாடியை யாரோ எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டார். அட்டெண்டர் நிங்கண்ணாவின் நான்கு மணி மைசூர்பாகு ஒரே வாரத்தில் வெள்ளரிக்காயாக மாறியது.

"பேடா சிஸ்டர், வேணாம், ஒண்ணே ஒண்ணு," என்று கன்னடம் கலந்து கெஞ்சுவார் நிங்கண்ணா.

"உன் சுகர் எவ்வளவுன்னு மேடம்கிட்ட சொல்லட்டுமா?"

நூலகர் மேடமும் தம் மேசை இழுப்பறையைச் சத்தமின்றி மூடிக்கொள்வார்.

இசை வார்டு முடிந்தது. சமய வார்டு முடிந்தது. குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமையும் வந்தது. மிஞ்சியிருந்தது யாரும் திறக்காத வணிகவியல் மட்டுமே. அதில் தேடுவது வீண் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓர் அட்டையின்மேல் அவர் விரல் நின்றது.

அறுபத்து நான்கு பக்கம். 18 × 25 செ.மீ. மேலே, 'சுருக்கெழுத்துப் பயிற்சி' என்றும், அதன் அருகே அடைப்புக்குறிக்குள் நேர்மையான ஒரு கேள்விக்குறியும்.

நிங்கண்ணா நூலைக் கொண்டுவந்தார். பச்சை அட்டை. உள்ளே மேற்கத்திய இசைக்குறிப்புக்குரிய கோடுகளும் இல்லை, குமிழ்களும் இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அவற்றுக்கிடையே முக்காற்புள்ளிகளுமாக நான்கு நான்கு வரிகள். அந்தக்காலத் தேவாலயங்களில் டோ, ரே, மீ என்ற ஸ்வரங்களை எழுதிய முறை அது. இசையறியாத பழைய நூலகர் ஒருவர் அதைச் சுருக்கெழுத்து என்று எண்ணிவிட்டார்.

"பேஷண்ட் சரி," என்றார் சிஸ்டர். "டயக்னோஸிஸ்தான் தப்பு."

நூலை ட்ரேயில் வைத்தார். அச்சாக உட்கார்ந்தது. வாசிப்பறையின் நடுவிலேயே நின்று இரண்டாம் வரியைப் பாடத் தொடங்கினார். "ஸோ, ஸோ, ஸோ, ஸோ, ஃபா, ஸோ, ஸோ..."

நிங்கண்ணா சற்று நேரம் காத்திருந்தார். "இஷ்டேனா சிஸ்டர்? இவ்ளோதானா? ஒரே இடத்துல நிக்குதே."

"ஆல்டோன்னா அப்படித்தான் நிங்கண்ணா. நாங்க நகர்ந்தா மேல பாடறவங்க விழுந்துடுவாங்க."

நூலகர் மேடம் விரைந்து வந்தார். "சிஸ்டர், இது ரீடிங் ரூம்."

"ரீடிங்தான் மேடம் பண்றேன்."

மேடம் சுவரிலிருந்த அமைதி அறிவிப்பைப் பார்த்தார். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். "எத்தனை ஜெராக்ஸ் வேணும்?" என்று கேட்டார்.

மறுநாள் ஒத்திகைக்கு, சாட்சி வேண்டும் என்று என்னையும் இழுத்துச் சென்றார். படிகளை ட்ரேயில் அடுக்கி, வெள்ளை டவலால் மூடி, இசை நடத்துநர் முன்னால் நீட்டினார். அவர் டவலை விலக்கிப் பார்த்துவிட்டு, ஆல்டோ வரியைக் கீபோர்டில் வாசித்தார். நால்வரில் மூவர் பாடிவந்தது தவறு என்று தெரிந்தது. சரியாகப் பாடிவந்தவர், தப்பாகப் பாடுகிறார் என்று ரவுண்ட்ஸ் சிஸ்டர் பல ஆண்டுகளாக முழங்கையால் இடித்துவந்த மரகதம் சிஸ்டர்.

ரவுண்ட்ஸ் சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரி, பேஷண்ட் நான்தான். மரகதம், நீ முன்னாடி வந்து நில்லு."

ஈஸ்டர் காலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தூணருகே நால்வரும் நின்றார்கள். மற்ற மூன்று குரல்கள் ஏறின, இறங்கின, பறந்தன. அந்த ஒரு குரல் நகராமல் நின்றது. பாட்டு விழவில்லை.

விடுமுறை முடிந்ததும் அந்நூலைக் கணினியில் ஏற்றினேன். தேடுசொற்களாக இசை, நான்கு குரல், ஆல்டோ என்று மூன்றை உள்ளிட்டேன். பதிவு விதிகளை நான் மீறுவதில்லை. அன்று ஒருமுறை மீறி, நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். இன்றும் எங்கள் நூலகக் கணினியில் 'ரவுண்ட்ஸ் சிஸ்டர்' என்று தேடினால் ஒரே ஒரு நூல் வரும். வருகிறதா என்று இரண்டு மணிவாக்கில் நான் அவ்வப்போது தேடிப் பார்ப்பதுண்டு.