உக்காருங்க டீச்சரும் ஒரு குரங்கும்

பெரஹரா ஊர்வலத்தில் மிரண்ட யானையைக்கூட நிறுத்திவிடலாம். ஆராதனை முடிந்ததும் தேநீருக்குப் பாய்கிற கண்டிச் சபையை மட்டும் ஒருவராலும் நிறுத்த முடியாது. நிறுத்தியே தீருவேன் என்று வாழ்நாளைச் செலவழித்த ஒரே மனுஷி எங்கள் உக்காருங்க டீச்சர்.

நகரத்து ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்றில் அவர் ஓர்கன் வாசித்தார். கீபோர்ட் இல்லை, சுவர் உயரத்துக்குக் குழாய்கள் நிற்க, மோட்டார் காற்றூத, கையாலும் காலாலும் வாசிக்கிற அசல் ஓர்கன். இங்கிலாந்தின் பேராலயங்களில் ஒரு வழக்கம் உண்டாம். ஆராதனை முடிந்தபின் ஓர்கன் மட்டும் தனியே நீண்ட இசையொன்றை வாசிக்கும். அது அடங்கும்வரை சனம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். டீச்சர் அந்த நாட்டுப் பக்கமே போனதில்லை. ஆனாலும் ஃபோனில் கேட்டுக் கேட்டு அந்தப் பேராலயங்களிலேயே குடியிருந்தார். பஸ்ஸிலும் காதில் அதுதான். இசை உச்சிக்கு ஏறும்போது கை தானாக உயரும். இறங்கப் போகிறாராக்கும் என்று கொண்டக்டர் மணியடித்துவிடுவார்.

எங்கள் சபைக்கோ அந்த இசை எழும்பினால் பக்கத்து மண்டபத்தில் பிளேன்டீயும் மீன் பணிஸும் தயார் என்று அர்த்தம். உடனே உட்கார்ந்திருந்த வாங்குகள் காலி. டீச்சர் வாசிப்பை நிறுத்தாமலே கத்துவார்: "உக்காருங்க! இன்னும் முடியல!" பெயர் வந்தது இப்படித்தான்.

முதுகுக்குப் பின்னால் யார் யார் ஓடுகிறார்கள் என்று பார்க்க, அக்குறணைக்குப் போய் திரீவீலரின் பக்கக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து ஓர்கனில் பூட்டினார். துணைக்கு நானும் போயிருந்தேன். வரும் வழியில் சப்பாத்துக் கடையொன்றில் நுழைந்தார்.

"நானா, அடி மெல்லிசா உள்ள சப்பாத்து காட்டுங்க. காலால வாசிக்கணும்."

முதலாளி நானா டீச்சரின் முகத்தையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார். "டீச்சர், எங்கட கடையில நடக்கிற சப்பாத்து மட்டுந்தான் ஈக்கி."

ஆலயத்தைத் திறந்து பூட்டும் டேனியல் அண்ணனிடம், இசை முடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்று ஒருமுறை உத்தரவே போட்டார். சனம் ஃபாதர் உடுப்பு மாற்றும் அறை வழியாக வெளியேறியது. முன்னால் போனவர் ஃபாதர்.

நான் பாடகர் குழுவில் அடித்தொண்டைக்காரன். எங்கள் வாங்கு ஓர்கனை ஒட்டியிருந்ததால் தப்ப வழியில்லை. அதனால் அந்த இசையின் முடிவு எனக்குத் தெரியும். ஆரவாரமெல்லாம் ஓய்ந்து ஒரே ஒரு தாழ்ந்த சுரம் மிஞ்சும். அது காதுக்குக் கேட்பதைவிட முதுகில், வாங்குப் பலகை வழியாகத்தான் அதிகம் தெரியும். பிறகு ஓர் அமைதி வரும்.

"அந்த அமைதிதான் தம்பி விஷயமே. ஒருநாளாவது எல்லாரும் சேந்து அதைக் கேக்கணும்," என்பார் டீச்சர். அவருடைய ஆசை மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த நாளும் வந்தது. மகளோடு இருக்க இங்கிலாந்துக்கே கிளம்பினார். கடைசி ஞாயிறு ஃபாதர் அறிவித்தார்: "இன்னைக்கு டீச்சர் முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. பணிஸ் எங்கயும் ஓடிறாது."

ஒருவரும் எழும்பவில்லை. கண்ணாடியில் நிறைந்த வாங்குகளைக் கண்டு டீச்சரின் முதுகு நிமிர்ந்தது. இசை ஏறியது, ஓங்கியது, தணியத் தொடங்கியது. கடைசிச் சுரத்துக்கு அவர் காலை நீட்டவும், நாடு முழுக்கக் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. எங்கோ மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். மோட்டார் நின்றது. ஓர்கன் சினை மாடு மாதிரி முனகி அடங்கியது.

சபை அதைத்தான் முடிவு என்று நினைத்துக்கொண்டது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. "உக்காருங்க! இன்னும் முடியல!" என்று டீச்சர் கத்தியது எங்கள் வாங்குக்கு மட்டுமே கேட்டது. மற்றவர்கள் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள்.

"கடைசியில ஒரு முனகல் வந்துச்சே டீச்சர், நெஞ்சையே உருக்கிருச்சு," என்று பணிஸும் கையுமாக ஒரு அம்மா அழுதார். டீச்சர் சிரித்து வைத்தார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

அவருக்குப் பிறகு ஓர்கன் வாசிக்க ஆளில்லை, இப்போது கீபோர்ட்தான். போன மாதம் டீச்சர் இங்கிலாந்திலிருந்து ஃபோன் எடுத்தார்.

"இங்க ஒருத்தரும் எழும்புறதில்ல தம்பி. கடைசிவரைக்கும் உக்காந்திருக்காங்க. அந்த அமைதியும் வருது."

"அப்ப ஆசைப்பட்டது கிடைச்சிருச்சே டீச்சர்."

"நம்ம சனம் இல்லையே," என்றார். "உக்காருங்கன்னு சத்தம் போடக்கூட ஒருத்தருமில்ல."

இப்போதும் ஆராதனை முடிந்தால் சபை மண்டபத்துக்கு ஓடுகிறது. நான் மட்டும் பழைய வாங்கில், ஊமையாகிப்போன குழாய்களுக்குப் பக்கத்தில் இருந்துவிடுகிறேன். போன ஞாயிறும் அப்படித்தான். டேனியல் அண்ணன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க புசல்லாவ பஸ் போயிருமே சேர், எழும்பலயா?"

"உக்காருங்கண்ணே. இன்னும் முடியல."

அவர் குழாய்களை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு சாவிகள் சத்தம் போடாதபடி கைக்குள் பொத்திக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.