கேட்கான் இல்லாத வேன்

ஒரு காட்டில் ஒரு கரடி பள்ளிக்கூட வேன் ஓட்டியது என்று ஒரு காக்கை என்னிடம் சொன்னது. பல வருஷமாக நான் அந்தக் கதையைச் சந்தேகப்பட்டு வருகிறேன். கரடி வேன் ஓட்டியதில் எனக்குச் சந்தேகமில்லை. அரசு உத்தரவு ஒன்றை அதிகாரி எழுத்துப் பிசகாமல் அன்றைக்கே நிறைவேற்றினார் என்றது பாருங்கள், அங்கேதான் இடித்தது. ஐம்பதைத் தாண்டிய ஆள் இதை நம்பலாமா? நம்பாவிட்டால் காக்கை எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? இரண்டுக்கும் விடை தெரியாமல், கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

தெற்கே, மலையடிவாரத்துக் காடு அது. பள்ளிக்கூடம் மலைமேல் இருந்தது. கரடியின் பெயர் பூதத்தான். காட்டுக் குட்டிகள் எல்லாம் அதன் வேனில்தான் பள்ளிக்குப் போய்வந்தன. கடைசி சீட்டில் செண்பகம் என்ற மிளாக்குட்டி உட்காரும். மிளா என்பது அந்தப் பக்கத்துப் பெரிய மான். செண்பகத்துக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. நடந்து மலையேற முடியாது. வேன் உண்டென்றால் படிப்பு உண்டு. அதனால் அப்பா மிளா தினமும் கூடவே வந்து, குட்டியை ஏற்றி உட்கார வைத்து, ஜன்னல் கண்ணாடியைத் தானே இறக்கிவிட்டுப் போகும்.

ஒருநாள் செங்குத்து வளைவில் வேன் இழுக்கவில்லை. குரங்குக் குட்டிகள் இறங்கித் தள்ளின. சாயங்காலமே கரடி மெக்கானிக் கீரியிடம் போனது. கீரிக்கு ஜாக்கி தேவையில்லை. அப்படியே வண்டிக்கு அடியில் நுழைந்துவிடும்.

"அண்ணாச்சி, கேட்கான் அடைச்சிருக்கு," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்டியில் சைலன்சருக்கு முன்னால் ஒரு டப்பா இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் விஷப் புகையை அதுதான் முடிந்தவரை சுத்தம் செய்து வெளியே அனுப்பும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்று பெயர். பட்டறைகளில் அதைக் கேட்கான் என்று சுருக்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் காட்டுப் பேச்சில் 'கேக்கான்' என்றால் 'கேட்கிறான்' என்று அர்த்தம். கரடிக்குக் காட்டுப் பேச்சு மட்டும்தான் தெரியும்.

"யாருவே கேக்கான்?"

"ஒருத்தனும் கேக்கல அண்ணாச்சி. கேட்கான்தான் அடைச்சிருக்கு."

"என்னத்தக் கேக்கான்? கேட்டா பதில் சொல்லிட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு வழிய அடைக்கான்?"

"அய்யய்யோ! புகையைச் சுத்தம் பண்ணுத டப்பா அது. கழத்திருவோம். வண்டி பறக்கும்."

கரடி தலையைச் சொறிந்தது. "சட்டப்படி தப்பில்லையா?"

"தப்புதான். கம்பெனியில மாட்டுன சாமானைக் கழத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா சட்டம் மேல இருந்து பாக்கும். இது அடியிலல்லா கெடக்கு?"

"புதுசு ஒண்ணு மாட்டுனா என்ன?"

"தாராளமா மாட்டலாம். வேனை வித்துட்டு வாரும்."

கழற்றினார்கள். அந்த இடத்தில் வெறுங்குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்தது கீரி. கழற்றிய டப்பாவைக் குப்பையில் போடுவதாகச் சொல்லித் தோளில் தூக்கிக்கொண்டது. அதற்குள் விலை உயர்ந்த உலோகப் பூச்சு இருப்பதைக் கீரி சொல்லவில்லை. கரடியும் கேட்கவில்லை.

மறுநாள் வேன் மலையை அதிர வைத்தது. மேட்டில் முன்னைவிட இழுத்தது உண்மை. மற்றபடி கூடியது சத்தம்தான். கரடி அதையும் வேகத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையாமல் நின்றது. கீரி அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி, "சரியாயிட்டு," என்றது. வேனுக்குள் கண்ணைக் கரித்தது. வழியோர மரங்களில் இருந்த தேனீக்கள் கூட்டத்தோடு வேறு காட்டுக்குக் கிளம்பின. தேன் போனதில் கரடிக்கு வருத்தம். உலகம் முன்ன மாதிரி இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னது.

செண்பகத்துக்கு இழுப்பு அதிகமானது. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்பதில் 'உள்' மட்டும் வந்தது. மிச்சம் இருமலில் போனது. வாத்தியார் ஆப்சென்ட் போட்டார்.

அப்பா மிளா வேனை வழிமறித்தது.

"பூதத்தான், என்னவே புகை இது? பிள்ளைக்கு மூச்சு முட்டுது. வண்டியில என்னத்தக் கழத்துனீரு?"

"உம்ம பிள்ளைக்கு இழுப்பு முந்தியே உண்டும்லா? என் வண்டி இழுக்காத காலத்துலயே அது இழுத்துக்கிட்டுதான இருந்துச்சு?"

வேனுக்குள் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாக முடிந்தது. குட்டியை ஏற்ற வந்த முயல் மிளாவின் காதில் சொன்னது: "சும்மா இரும் மாமா. வேன் நின்னுபோச்சுன்னா இந்தப் பயக்களை யாரு மலைக்குச் சுமக்கது?"

மிளா சும்மா இருக்கவில்லை. புலியிடம் போய் முறையிட்டது. அந்தப் புலி நியாயமான ராஜா. கீரியைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்த்தது. "கேட்கானைக் கழத்துனேன் சாமி," என்று கீரி காலில் விழுந்தது. புலி உடனே உத்தரவு போட்டது: 'கேட்கானைக் கழற்றியது குற்றம். கேட்கானைக் கண்டுபிடித்து, இன்றே வேனின் புகைக்குழாயோடு சேர்த்துப் பொருத்த வேண்டும்.'

மிளாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. நியாயம் கிடைத்துவிட்டது.

உத்தரவு போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஓணானிடம் வந்தது. ஓணான் எதற்கும் தலையாட்டும். அதற்காகவே கிடைத்த பதவி. வேன் நிற்கும் இடத்துக்கு வந்து, உத்தரவை வாசித்து, தலையாட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது: "இங்க யாருலே கேக்கான்?"

எல்லோரும் திரும்பி மிளாவைப் பார்த்தார்கள்.

"இவன்தான் சார் எப்பவும் கேக்கான்," என்றது கரடி. கீரிக்கு விஷயம் தெரியும். ஆனால் டப்பா விற்றுப்போயிருந்தது. அதனால் அதுவும் மிளாவையே காட்டியது.

"சார், கேட்கான்கிறது ஒரு டப்பா," என்றது மிளா.

"என்கிட்டயே இலக்கணமா? டப்பாவா இருந்தா 'கேக்குது'ன்னு போட்டிருப்பாங்க. உத்தரவுல 'ன்'னுல்லா முடியுது? ஆம்பள ஆளு."

"என் பிள்ளைக்கு மூச்சு முட்டுச்சு. அதைக் கேட்டது ஒரு குத்தமா?"

"பாரு, இப்பவும் கேக்கான்," என்று சொல்லிவிட்டு ஓணான் எழுதிக்கொண்டது: 'பொருள் நல்ல முறையில் இயங்கும் நிலையில் உள்ளது.'

வேனின் பின்னால், புகைக்குழாய்க்கு நேராக மூக்கு வரும்படி மிளாவைக் கட்டினார்கள். முதலில் திமிறியது. வேன் கிளம்பியதும் திமிறுவதை நிறுத்திவிட்டது. கடைசி சீட்டில் செண்பகம் இருந்தது. தான் இழுத்துக்கொள்கிற புகை வேனுக்குள்ளே போகாது என்பது மிளாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். கொம்பைத் தாழ்த்தி, மூக்கைக் குழாயில் இன்னும் நெருக்கமாக வைத்து, ஆழமாக மூச்சை இழுக்க ஆரம்பித்தது.

அன்றைக்கு வகுப்பில் செண்பகம் 'உள்ளேன் ஐயா' என்று முழுதாகச் சொன்னது. ஓணான் புகையை அளந்து பார்த்து, கணிசமாகக் குறைந்திருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தது. கேட்கானால் பயன் உண்டு என்பதில் அதன் பிறகு அந்தக் காட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

காக்கை எப்போது சொன்னாலும் கதையை இத்தோடு நிறுத்திவிடும். நானும் விட்டுவிடுவேன். பிறகு நாள் முழுக்க என்னோடு நானே வாதாடிக்கொண்டிருப்பேன். போன வாரம் மொட்டைமாடிக்கு வந்தபோது அதற்குக் கொஞ்சம் மிக்சர் வைத்தேன். பொரிகடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"அந்த மிளா இப்போது எப்படி இருக்கிறது?" என்றேன்.

காக்கை கொத்துவதை நிறுத்தியது. தலையைச் சாய்த்து, அளவெடுப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு தெருப்பக்கம் திரும்பிக் கத்தியது:

"ஏ, ஓடியாங்க! இங்கன ஒருத்தன் கேக்கான்!"

நீதி: புகையை வெளியே விட்டாலும் விடலாம், சந்தேகத்தை வெளியே விடாதீர்கள்.