டப்பா எடுத்த கட்டில் படங்கள்

கேமரா இல்லாமலே போட்டோகிராபி படித்து முடித்த ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் டப்பாதான். மறுப்பவர்கள் ஓசூர் எல்லையில் இருக்கும் ஜூஜுவாடிக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

நான் எழுத வருவதற்கு முன்பு அங்கே ஒரு கம்பெனியில் இருந்தேன். மூன்று ஷிப்டுக்காரர்கள் ஒரே அறையில் ஒரே கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். ஒருவன் எழுந்தால் அடுத்தவன் விழுவான். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்டு மாறும். கட்டில் சூடு ஆறியதே இல்லை. நான்காவதாக வந்து தரையில் பாய் விரித்தவன் டப்பா. ராயக்கோட்டையில் தக்காளி போடுகிற வீட்டுப் பிள்ளை. தினமும் எல்லை தாண்டிப் பெங்களூரு கல்லூரிக்குப் போய்வந்தான். கேமரா வாங்க வழியில்லை. பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா என்று கிடைத்ததிலெல்லாம் ஊசியால் ஓட்டை போட்டு, உள்ளே போட்டோ பேப்பர் ஒட்டிப் படம் எடுத்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயரும் அதிலிருந்து வந்ததுதான். செல்போனில் எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"அது தானா எடுத்துக்குதுண்ணா. நான் எடுக்கணும்."

சிக்கல் என்னவென்றால், டப்பாவில் படம் விழ வெகுநேரம் ஆகும். அதுவரை அசைந்தவர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள். சிப்காட் வாசலில் ஷிப்டு விடும் கூட்டத்தை எடுத்தான். கழுவிப் பார்த்தால் ரோடு இருந்தது, ஒரு ஆள் இல்லை. ஓரமாகப் படுத்திருந்த மாடு மட்டும் விழுந்திருந்தது. அசை போட்டதால் அதற்கும் தலை இல்லை.

கடைசி வருடம் கல்லூரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனிதர்களை வைத்துப் பன்னிரண்டு படம் கொண்ட ஒரு வரிசை வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தான். மூன்றாம் நாள், நைட் ஷிப்டு முடித்துத் தூங்கிய நான் கண் விழித்தால், ஜன்னல் விரியத் திறந்திருக்கிறது. அலமாரியிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பா என்னையே பார்க்கிறது.

"அண்ணா, ஓசூர்லயே அசையாத ஆளுங்க நைட் ஷிப்டு முடிச்சுப் பகல்ல தூங்கறவங்கதான். கட்டில் அதே, வாரத்துக்கு ஒரு ஆள். இதாண்ணா என் வரிசை."

வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு அட்டை அடித்துத் தூங்குகிறவர்கள் நாங்கள். அவன் அட்டையைப் பிடுங்குவான். மற்ற இரண்டு ஷிப்டுக்காரர்களில் மஞ்சு கன்னடத்தில் திட்டுவான், பிரசாத் தெலுங்கில். டப்பா அந்தந்த மொழியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் பிடுங்குவான். மஞ்சு சொறிந்துகொண்டே தூங்குகிறவன், படத்தில் அவனுக்கு ஆறு கை. ஹவுஸ் ஓனர் அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பதினொரு படம் தேறியது. பன்னிரண்டாவது என்னுடையது. மறுநாள் தேர்வு, மிச்சம் ஒரே ஒரு பேப்பர்.

"இன்னிக்கு மட்டும் புரளாதீங்கண்ணா. இது போச்சுன்னா ஒரு வருசம் போச்சு."

என் தூக்கம் அந்த நிமிடமே போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு நான்கு மணி நேரம் கிடந்தேன். மூக்கில் ஈ குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தது. ஒன்றுக்கு முட்டியது. எனக்குத் தொந்தரவாகிவிடுமென்று ஹவுஸ் ஓனர் வீட்டுக் குக்கரை அணைக்கச் சொல்லி அவன் வாசலில் கெஞ்சிக்கொண்டிருந்ததும் கேட்டது.

மறுநாள் மூன்று பேரும் லீவு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனோம். பெரிய பெரிய கேமராக்காரர்களின் படங்களை விட்டுவிட்டுக் கூட்டம் எங்கள் கட்டில் முன்னால் நின்றது. கடைசிப் படத்தைத் தேர்வாளர் வெகுநேரம் பார்த்தார். இது யார் என்று கேட்டார்.

"எங்க ரூம் அண்ணா சார். ராத்திரி பூரா நின்னு வேலை பாக்கறவரு. அதான் இப்படித் தூங்கறாரு."

முதல் வகுப்பில் தேறினான். என் பிள்ளையே தேறியதுபோல நெஞ்சு நிமிர்ந்தது. இன்று ஊர் ஊராகக் கண்காட்சி வைக்கிறான். எங்கே வைத்தாலும் என் படத்தின் கீழே 'நல்ல உறக்கம்' என்று எழுதுகிறான். அன்று நான் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.