குளியல் தொட்டிக் கடல்

"அண்ணை, இது மலை ஏறின ஆள் மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியிலை கிடக்கிற ஆள் மாதிரிக் கேக்குது."

அறைத்தோழன் அருமைராசா கசெற் ரெக்கோடரை நிறுத்தினான். மலையேறிய மூச்சு வர வேண்டுமென்று கட்டடத்தின் மாடிப்படி முழுவதும் ஏறி இறங்கி வந்திருந்த மார்க்கண்டுவுக்கு இப்போது மூச்சு மட்டுந்தான் வந்தது. பேச்சு வரவில்லை.

கனடாவில், மொன்றியலில் ஆட்கள் குளிரில் விறைத்துச் சாகிறார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் திருகோணமலையில் போய்ச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மார்க்கண்டுவின் தாய் நல்லம்மா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஏற்கெனவே நெஞ்சு வருத்தக்காரி. அகதி வழக்கு முடியாமல் இவனால் ஊருக்குப் போகவும் வழியில்லை. அதனால், முதலாளி தன்னைக் கரீபியன் தீவொன்றுக்கு ஓய்வெடுக்க அனுப்பியிருப்பதாகக் கசெற்றில் பேசி அனுப்ப முடிவெடுத்தான். அவனோடு உணவகத்தில் கோப்பை கழுவும் பற்றிக்கின் ஊர் அது. அங்குள்ள மலையும் கடற்கரையும் இவனுக்குக் கேட்டுக் கேட்டே மனப்பாடம்.

"மலை வேண்டாம். கடல் மட்டும் காணும்," என்றான் மார்க்கண்டு.

குளியல் தொட்டியை நிரப்பினார்கள். அருமைராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, வாளியால் அலை அடித்தான்.

"டேய், மெல்ல! உடுப்புத் தோய்க்கிற மாதிரிக் கேக்குது."

மெல்ல அடித்தால் கடல் கேட்கவில்லை. பலமாக அடித்ததில் கடல் தரையெல்லாம் ஓடி, கீழ் வீட்டுக் கூரையால் ஒழுகியது. கீழ் வீட்டுக் கிழவி வந்து கதவை இடித்துப் பிரெஞ்சில் கத்தினாள். கசெற் ஓடிக்கொண்டிருந்தது.

"அது... இங்கத்தைக் கிளி, அம்மா," என்றான் மார்க்கண்டு அவசரமாக. "நல்லாக் கத்தும்."

அருமைராசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"இங்க நல்ல வெயில், அம்மா. மணல் காலைச் சுடுது. நீங்க ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ..."

மார்க்கண்டு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். தொட்டிக்குள் அலை நின்றுபோயிருந்தது. வாளியோடு நின்ற அருமைராசாவும் தன் தாயை நினைத்து அழுதுகொண்டிருந்தான். கடலை நிறுத்தாதே என்று மார்க்கண்டு கையைக் காட்டினான்.

பனி கரையத் தொடங்கிய நாளில் பதில் வந்தது. கொண்டுவந்தவர் பத்திநாதர், நல்லம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர். அவரும் இப்போது அகதி. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருக்க, மார்க்கண்டு கசெற்றைப் போட்டான்.

"என்ர ராசா, வெயிலுக்கை நிண்டு கறுக்காத," என்றது அம்மாவின் குரல். "இஞ்ச எல்லாரும் சுகம். இப்பதான் எங்கட விறாந்தையில இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டனான். பிள்ளையார் கோயில்ல பூசை நடக்குது. மணி கேக்குதா?"

மணி கணீரென்று கேட்டது.

"அம்மா சாப்பிட்டிட்டா!" மார்க்கண்டு துள்ளினான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டான். "எங்கட கோயில் மணியடா! வழக்கு முடியட்டும், நேர அந்த விறாந்தைக்குத்தான் போவன். என்ன, பத்திநாதரண்ணை?"

பத்திநாதர் எட்டி ரெக்கோடரை நிறுத்தினார்.

"தம்பி, அந்த மணி நான்தான் அடிச்சனான். அம்மா இருக்கிற அகதி முகாமில, சோத்துத் தட்டில."