அஞ்சு மணிக்குள் ஒரு சீட்டு

சட்டைக்குள் செருகியிருந்த பிளாஸ்டிக் கவர் சரசரத்தது. குமரேசன் அதைக் கையால் அமுக்கிக்கொண்டான்.

"என்னண்ணா சத்தம்?" என்றாள் கூடவே நடந்து வந்த தனம்.

"வயிறும்மா. காலைலேர்ந்து சரியில்ல."

உள்ளே இருந்தது கல்லூரி விண்ணப்பம். குமரேசன் ஒரு லாட்ஜில் பன்னிரண்டு வருடமாகப் பதிவேடு எழுதுபவன். அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் கம்ப்யூட்டர்தான், தெரியாதவன், படிக்கவாவது சேராதவன் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வரலாற்றில் வாங்கிய பி.ஏ.வை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா? தனியார் கல்லூரிக்காரன் கேட்ட தொகையில் தலை சுற்றியது. அரசுக் கல்லூரியில்தான் மாலை நேர கம்ப்யூட்டர் டிகிரிக்குக் கட்டணம் சொற்பம். ஆனால் மீதி ஒரே ஒரு இடம். இன்று ஐந்து மணிக்குள் நேரில் விண்ணப்பித்தவர்களில் மார்க் அதிகம் உள்ளவருக்கு அது. குமரேசனுக்குப் பிளஸ் டூவில் எண்பத்தொரு சதவீதம். போய்க் கொடுத்தால் போதும்.

இதை மனைவி வள்ளியிடம் மூச்சுவிட முடியாது. ஏற்கெனவே இரண்டு கோர்ஸில் சேர்ந்து பாதியில் விட்டவன். "இன்னொரு தரம் படிப்புன்னு வாயெடுத்தீங்க, சோறு கெடையாது" என்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். அதனால் பௌர்ணமியைச் சாக்காக வைத்து, கிரிவலம் போவதாகப் புளுகினான்.

"பக்கத்து வீட்டுத் தனமும் கெளம்பி நிக்கிறா. கூட்டிட்டுப் போங்க" என்றாள் வள்ளி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

கிரிவலப் பாதையிலேயே இருந்த அந்தக் கல்லூரியின் வாசல் வந்தது.

"கால் வலிக்குது தனம். நீ முன்னாடி போ, நான் மெதுவா வரேன்."

"உங்கள உட்டுட்டுப் போனா வள்ளியக்கா என்னைத் தோலுரிச்சிடும். கையப் புடிங்கண்ணா!"

பின்னால் வந்த கூட்டமும் சேர்ந்து தள்ள, வாசல் போயே போய்விட்டது.

"ஒரு நிமிஷம் திரும்பிப் போயிட்டு..."

"வந்த வழியே திரும்பறதா? குடும்பத்துக்கு ஆவாது!"

நாலு பேர் முறைத்தார்கள். குமரேசன் கூட்டத்தோடு நடந்தான்.

அடி அண்ணாமலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டோவில் ஏற்றி அனுப்புவாள் என்று நினைப்பு. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் ஆட்டோ ஏது? தனம் கசாயம் வாங்கி வந்து முழுசாகக் குடிக்கவைத்தாள். அதுவரை பொய்யாக இருந்த வயிற்றுவலி நிஜமாகிவிட்டது. கழிப்பறை வரிசையில் முக்கால் மணி நேரம் போனது.

மணி நாலு. சுற்றை முடித்தால் மறுபடி கல்லூரி வாசலுக்குப் போய்விடலாம் என்று குமரேசன் ஓட ஆரம்பித்தான்.

"ஏண்ணா ஓடறீங்க? கிரிவலம்னா நெறமாசக்காரி மாதிரி நடக்கணும்!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் தனம். கவர் மறுபடி சரசரத்தது.

"இன்னும் வயிறு சரியாவலியா? இருங்க, இன்னொரு கசாயம்..."

"ஐயையோ, வேணாம்மா!"

குபேர லிங்கத்தருகே மணி ஐந்தானது. குமரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வேலையும் போச்சு, படிப்பும் போச்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தனத்தின் போன் டிங் என்றது. பார்த்தவள் மலையை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வள்ளியக்காகிட்ட சொல்லிடாதீங்கண்ணா, படிப்புன்னாலே அதுக்கு ஆவாது. காலைலயே போயி கவர்மென்ட் காலேஜ் கம்ப்யூட்டர் சீட்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன். என் மார்க்கு ரொம்பக் கம்மி. 'அஞ்சு மணிக்குள்ள மார்க்கு ஜாஸ்தி உள்ளவன் எவனும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது சாமி'னு வேண்டிக்கிட்டுதான் சுத்துனேன். ஒருத்தன்கூட வரலியாம், சீட்டு எனக்குத்தான்!"