ஒன்டூ பதிவு செய்த ராக் கச்சேரி

சித்தூரைச் சுற்றி அறுபது கிலோமீட்டருக்குள் கடந்த முப்பத்தைந்து வருஷத்தில் நடந்த ஏதாவது ஒரு கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று என்னிடம் யாராவது கேட்டால், "ஒன்டூ மைக்கைத் தட்டினாரா?" என்றுதான் முதலில் கேட்பேன். தட்டியிருந்தால் செல்லும். தாலி, சாட்சி, சான்றிதழ் எல்லாம் அப்புறம்.

ஒன்டூ மைக்செட்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். ரெவின்யூ ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற நானே அதைப் பார்த்ததில்லை. மைக்கைத் தட்டி "ஒன்... டூ..." என்பார். மூன்று சொல்லமாட்டார். சொன்னால் ஆம்ப்ளிஃபயர் படுத்துவிடும் என்பது அவருடைய விஞ்ஞானம்.

மைக் அனுமதி மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். நிபந்தனைகள் பதினாறு. எனக்கு மனப்பாடம். ஒன்டூ ஒன்றைக்கூடப் படித்ததில்லை. "நீங்க எழுதிக்கினே இருங்க சார், நான் கட்டிக்கினே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தில் ஏறிவிடுவார்.

சத்தம் எவ்வளவு போதும் என்பதை அரசாங்கம் முடிவு செய்வதை அவர் ஏற்கவில்லை. பேசுகிறவர் முடிவு செய்வதையும் ஏற்கவில்லை. கார்வேட்டிநகரத்தில் ஒரு தலைவர் ஒன்றரை மணி நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தார். ஒன்டூ வால்யூம் திருகாணியை மயிரிழை மயிரிழையாக இறக்கினார். தலைவர் தன் தொண்டைதான் போய்விட்டது என்று நினைத்து, சோடா வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. பேச்சுக்குத்தான் என்று தலைவர் இன்றுவரை நம்புகிறார்.

புத்தூரில் ஒரு கல்யாணத்தில் ஐயர் சொன்ன மந்திரத்துக்கு ஒன்டூ எக்கோ போட்டார். ஒவ்வொரு மந்திரமும் இரண்டு தடவை கேட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து, "இன்னாய்யா இது, ரெண்டு கல்யாணமா பண்ணி வெக்கிற?" என்று கத்தினார். "ஒண்ணு போச்சுன்னா ஒண்ணு இருக்கட்டும் நைனா!" என்று மைக்கிலேயே பதில் சொன்னார் ஒன்டூ. பெண் வீட்டார் அவரை அடிக்க வந்தார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் காப்பாற்றியவன் நான்.

இப்படிப்பட்டவரை ஒரு ராக் இசைக்குழுவிடம் ஒப்படைத்ததும் நான்தான். விசாரணை வைத்தால் முதல் குற்றவாளி நான்.

என் தம்பி மகள் நிவேதா, திருத்தணிப் பெண். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்கிற மூன்று பேரோடு சேர்ந்து 'பி ஷிஃப்ட்' என்று ஒரு ராக் குழு நடத்தினாள். நால்வருக்கும் மத்தியான ஷிஃப்ட். காலை முழுக்க சூளூர்பேட்டையில் ஒரு வாடகை அறையில் அக்கம்பக்கத்தாரின் பொறுமையைச் சோதிப்பார்கள். டிரம்ஸ் வாசிக்கிற சரத்துக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வாரத்தில் விமானம். அவன் போனால் குழுவே இல்லை. போவதற்குள் ஜனங்கள் முன்னால் ஒரே ஒரு கச்சேரி வாசித்து, அதை ஆல்பமாக வெளியிட வேண்டும் என்று துடித்தாள். சென்னையிலிருந்து வரவேண்டிய சவுண்டு இன்ஜினியர் கொடுத்த தேதி, விமானத்துக்கு மறுநாள்.

"பெரியப்பா, யாராச்சும் இருக்காங்களா?"

திருப்பதியில், சந்திரகிரி போகிற சாலையில், எனக்குத் தெரிந்தவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. தகரக் கூரை. ஆஷாட மாதம், கல்யாணம் கிடையாது, மண்டபத்தில் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மனு எழுதினேன், அனுமதி வாங்கினேன், ஒன்டூவைக் கூட்டிவந்தேன்.

"ராக்குன்னா இன்னா மா?"

"சத்தமா இருக்கும் அண்ணா."

"அப்ப நம்ம ஐட்டம்தான். லைவ் ஆல்பம்ன்றியே, அது?"

"ஸ்டுடியோல தனித்தனியா வாசிச்சு ஒட்டறது இல்ல. ஜனங்க முன்னாடி ஒரே தடவ. தப்பு வந்தா தப்போட பதிவாவும்."

ஒன்டூ என்னைப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷமா நான் அத்தத்தானே பண்ணிக்கினு இருக்கேன் சார். பதிவு பண்ணத்தான் எவனுக்கும் தோணல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கச்சேரி. தொழிற்சாலை நண்பர்கள் ஒரு நூறு பேர். பிள்ளையார் பாட்டு ஓடாமல் செட்டைத் தொடமாட்டேன் என்று ஒன்டூ அடம்பிடித்ததால், ராக் ரசிகர்கள் பிள்ளையாரை முழுசாகக் கேட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு மனிதர் பிரமாதப்படுத்தினார். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தெரிந்தது. என் பல்செட்டும் தனியாகத் தெரிந்தது, ஆடியதால். ஏழு பாட்டு முடிந்தது. கடைசிப் பாட்டு, சரத்துக்காகவே எழுதியது, எட்டு நிமிஷம். நிவேதா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நிமிஷத்தில் சாலையில் வெடிச் சத்தம். அதன் பின்னால் டப்பு மேளம். சாவு ஊர்வலம்.

எங்கள் பக்கத்து மைக்செட்காரர்களுக்கு ஒரு வழக்கம். பிணம் கடந்து போகும்வரை செட் ஊமையாக வேண்டும். ஒன்டூ செருப்பைக் கழற்றினார். ஸ்பீக்கருக்குப் போகிற அத்தனை திருகாணியையும் ஒரேயடியாக இறக்கிவிட்டு, கைகட்டி நின்றார்.

கிடார் இரண்டும் கொசு மாதிரி முனகின. ஒருவன் கரண்ட் போய்விட்டதோ என்று மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். நிவேதா மேடையிலிருந்து குதித்து வந்தாள்.

"அண்ணா! புத்தி கித்தி இருக்குதா? ரெக்கார்டிங் ஓடிக்கினு இருக்குது!"

"ஷ்ஷ். சாவு போவுது மா."

"அவங்க ரோட்ல போறாங்க, நாம உள்ள இருக்கோம்! சரத் போயிட்டா இன்னொரு தடவ வாசிக்க முடியாதுண்ணா!"

"அவருக்கு மட்டும் இன்னொரு தடவ ஊர்வலம் வெப்பாங்களா? அவருக்கும் லைவ்தான் மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "யோவ், பதினாறு நிபந்தனையில அப்படி ஒண்ணு கிடையாதுய்யா!" என்று கத்தினேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் நிறுத்தவில்லை. டிரம்ஸுக்கு ஸ்பீக்கர் எதற்கு? சரத் வாசித்துக்கொண்டே இருந்தான். வெளியே டப்பு நெருங்க நெருங்க, அவன் கை தன் தாளத்தை விட்டு அந்தத் தாளத்துக்குப் போனது. மேளம் திருப்பம் தாண்டித் தேய்ந்ததும் ஒன்டூ திருகாணிகளை மெதுவாக ஏற்றினார். கிடார்கள் வந்து சேர்ந்துகொண்டன. நிவேதா மேடைக்குத் திரும்பினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடி முடித்துவைத்தாள். அதன் பிறகு ஒன்டூவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் வயர் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது.

"பெரியப்பா, அண்ணா ஸ்பீக்கரத்தான் எறக்கினாரு. ரெக்கார்டிங்க தொடல. எல்லாம் இருக்குது. டப்பு, சரத், எல்லாம். மத்த ஏழு பாட்டும் சேந்து இதுக்கு ஈடாவாது. நான் திட்டினது இருக்குது. உங்க நிபந்தனையும் இருக்குது."

ஆக, அறுபது வருஷம் ஒழுங்காக வாழ்ந்த நான் ஒரு ராக் ஆல்பத்தில் இடம் பெற்றேன். ஆனால் நடைமுறை என்று ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தின் சாவு மேளத்தை அவர்களைக் கேட்காமல் எப்படி வெளியிடுவது? மறுப்பில்லை என்று எழுதி வாங்க வேண்டும், முடியாது என்றால் அந்தப் பாட்டை எடுத்துவிட வேண்டும் என்றேன். "சரி பெரியப்பா, கேளுங்க" என்றாள் நிவேதா.

படிவம் தயாரித்து, மண்டபத்து வாட்ச்மேனிடம் வீட்டை விசாரித்து, ஒன்டூவோடு போனேன். இறந்தவரின் மகள் வாசலில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகியது.

"எங்க நைனா சாவ பாட்டுல போட்டீங்களா?"

ஒன்டூ ஹெட்ஃபோனை அவள் காதில் வைத்தார். அது நழுவாமல் அவரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எட்டு நிமிஷம். அவர் செருப்பு வாசலுக்கு வெளியே கிடந்தது, வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றார்.

முடிந்ததும் அவள், "பொம்பளைங்கள தெருமுனையோட நிறுத்திட்டாங்க சார். அதுக்கப்புறம் அவர எப்படி இட்டுக்கினு போனாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடுவுல எல்லாம் நிறுத்திட்டு நின்னீங்களா?"

"ஆமாம் மா."

"அப்டியே போடுங்க. இப்ப இன்னொரு தடவ வைங்க."

ஒன்டூ மறுபடி ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த படிவத்தை நான் வெளியே எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் கையெழுத்து வாங்காமல் திரும்பிய ஒரே வேலை அது.

சித்தூர் பஸ்ஸில் பாகாலா தாண்டியதும் ஒன்டூ என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். குறட்டை ஸ்பீக்கர் இல்லாமலே பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் என்னை முறைத்தார். தோள் மரத்துப்போனது. ஊர் வரும்வரை நான் அசையவில்லை.